டென்யூர் கோப்புக்கான பல்கலைக்கழக உதவிச் சேவை: தகுதிகாண் பருவம் முடித்த ஒருவரின் மதிப்பீடு

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஓர் அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் 2017 ஆகஸ்டில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். 2024 ஆகஸ்டு முதல் டென்யூர் (தக்க காரணமின்றி நீக்க முடியாத நிலையான பணி) பெற்ற இணைப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். இந்த ஏழு ஆண்டுகளிலும், டென்யூர் பாதையில், அதாவது அதற்கான தகுதிகாண் பருவத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்காக எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் நல அலுவலகம் நடத்தும் உதவிச் சேவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்தியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வகைச் சேவை ஏறத்தாழ எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களிலும் உண்டு என்பதாலும், முனைவர் பட்டம் முடித்து இந்தப் பாதைக்கு வரும் தமிழ் மாணவர்கள் பலர் அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று என்னிடம் கேட்பதாலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

சேவையில் நான்கு பகுதிகள் உள்ளன. முதலாண்டு ஆசிரியர்களுக்கான அறிமுக வகுப்பு, மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டுக்கு முந்தைய பயிலரங்கு, டென்யூர் மதிப்பீட்டுக்கு அனுப்பும் கோப்பைத் தயாரிக்கும் ஆண்டில் மூன்று அமர்வுகளும் அவற்றுடன் இணைந்த தனி ஆலோசனையும், இறுதியாகக் கோப்பைப் பதிவேற்றும் இணையத்தளம். எதற்கும் கட்டணம் இல்லை. சட்ட அமர்வும் தனி ஆலோசனையும் மிகச் சிறப்பானவை. அறிமுக வகுப்பு சுமார். இணையத்தளம் என்னைப் பெரிதும் ஏமாற்றியது.

அறிமுக வகுப்பின் முதன்மையான குறை, எல்லோருக்கும் அடிப்படை தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குவதுதான். இந்தியாவில் படித்து வந்தவர்களுக்கு அந்த அடிப்படை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி தகுதிகாண் பருவம் ஓராண்டு; பணி நிறைவாக இல்லையென்றால் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்; அதை முடித்தவர் பணியில் நிலைபெறுகிறார். அமெரிக்காவில் இதே பருவம் ஆறு, ஏழு ஆண்டுகள் நீள்கிறது. முடிவில் கிடைப்பது பணி நீட்டிப்பு அன்று; ஆராய்ச்சி, கற்பித்தல், துறைப்பணி ஆகிய மூன்றையும் சக பேராசிரியர்களும் வெளியார்களும் தீர ஆராய்ந்து அளிக்கும் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு பாதகமாக வந்தால் மேலும் ஓராண்டு பணியாற்றிவிட்டு வெளியேற வேண்டும். பழைய பதவியிலேயே தொடர்ந்து இருந்துவிட முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்க இயலாது என்ற வரம்பு உள்ளது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் முதலில் டென்யூர் இல்லாத இணைப் பேராசிரியர் பதவி, அதன் பிறகே டென்யூர். இப்படி இடத்துக்கு இடம் முறை மாறும் என்பதையாவது முதல் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

அதைவிட அவசியமான இன்னொன்றும் விடுபட்டிருந்தது. எல்லா ஆசிரியர் பதவிகளும் இந்தப் பாதையில் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் கணக்கின்படி 2021 இலையுதிர் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் 68 விழுக்காட்டினர் டென்யூருக்கு வெளியே, ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றினார்கள். 1987இல் இது சுமார் 47 விழுக்காடாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் நண்பர் வேறொரு பல்கலைக்கழகத்தில் ‘ஆய்வு உதவிப் பேராசிரியர்’ என்ற பதவியை ஏற்றார். ‘உதவிப் பேராசிரியர்’ என்ற சொல்லைப் பார்த்த மகிழ்ச்சியில், முன்னால் நின்ற ‘ஆய்வு’ என்ற ஒற்றைச் சொல் அந்தப் பதவியை டென்யூர் பாதைக்கு வெளியே வைத்துவிடுகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துத் துறைத் தலைவரிடம் மதிப்பீடு எப்போது என்று கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. விரிவுரையாளர், ‘கிளினிக்கல்’ பேராசிரியர், பயிற்சிப் பேராசிரியர் போன்ற பட்டங்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். பதவிப் பெயரைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும் என்பதை இந்தச் சேவை யாருக்கும் கற்பிக்கவில்லை.

இனி, சேவையின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன். கோப்பு ஆண்டின் மூன்று அமர்வுகளில் முதலாவதைப் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகர் நடத்தினார். இரண்டு மணி நேரமும் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. 1915இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், கல்லூரிகளின் சங்கத்துடன் சேர்ந்து 1940இல் வெளியிட்ட கோட்பாட்டு அறிக்கையை அவர் வரி வரியாக எடுத்து விளக்கினார். தகுதிகாண் பருவம் ஏழு ஆண்டுகளுக்கு மிகக் கூடாது என்பதும், பணியில் தொடர இயலாது என்றால் அந்தப் பருவம் முடிய ஓராண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பதும் அதில்தான் உள்ளன. டென்யூர் பெற்ற பின் தக்க காரணம் காட்டினாலொழிய நீக்க முடியாது, ஓய்வும் கடும் நிதி நெருக்கடியும் மட்டுமே விதிவிலக்கு என்பதையும் அதே அறிக்கைதான் சொல்கிறது. வேறு நிறுவனங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் புதிய இடத்தில் சேரும்போது, அங்கே தகுதிகாண் பருவம் நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம் என்ற விதியும் அதில் இருக்கிறது. இவை அனைத்துக்கும் முன்பாக, நியமனத்தின் நிபந்தனைகள் யாவும் எழுத்தில் இருக்க வேண்டும், பணி உறுதியாவதற்கு முன்பே இரு தரப்பாரின் கையிலும் இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை கூறுகிறது. அவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். ஐந்தாம் ஆண்டில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, இதை என் முதல் நாளில் யாராவது வாசித்துக் காட்டியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

அந்த வரி ஏன் முக்கியம் என்பதற்கு அவர் இரண்டு வழக்குகளைச் சொன்னார். இரண்டிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972 ஜூன் 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரக் கல்வி நிறுவனத்தில் ஓராண்டு நியமனத்தில் இருந்த டேவிட் ராத்தைக் கல்லூரி மீண்டும் அமர்த்தவில்லை. அவர் வழக்கு தொடுத்தபோது, ஓராண்டு முடிந்தபின் அந்தப் பணியின்மேல் அவருக்குச் சட்டப்படியான உரிமை எதுவும் இல்லை, ஆகவே காரணம் சொல்லவோ விசாரணை நடத்தவோ கட்டாயமில்லை என்று நீதிமன்றம் கூறியது. டெக்சாஸின் ஒடெசா கல்லூரியில் பணியாற்றிய ராபர்ட் சிண்டர்மனின் வழக்கில் நிலைமை வேறு. அந்தக் கல்லூரியில் முறையான டென்யூர் ஏற்பாடே கிடையாது. ஆனால், பணி நிறைவாக இருக்கும்வரை ஆசிரியர் தம்மை நிலையானவராகக் கருதிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஆசிரியர் கையேடு எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்தைக் கொண்டு தமக்கு உரிமை உண்டு என்று மெய்ப்பிக்கும் வாய்ப்பை அவருக்கு அளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரே நாளில் இருவருக்கு வந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் ஒரு கையேட்டின் சில வரிகள் நிற்கின்றன. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு பக்கம். டென்யூர் கணக்கு, அதாவது தகுதிகாண் ஆண்டுகளின் எண்ணிக்கை, எந்த நாளில் தொடங்குகிறது, எந்தக் கல்வியாண்டில் மதிப்பீடு நடக்கும், முந்தைய ஆய்வுப்பணிக் காலம் கணக்கில் சேருமா என்ற மூன்றையும் அதில் தேடினேன். முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. நேர்காணலின்போது துறைத் தலைவர் வாய்மொழியாக, ‘உங்கள் இரண்டாண்டு அனுபவத்தையும் குழு கருத்தில் கொள்ளும்’ என்று சொன்னதை நம்பியிருந்தேன். அவர் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவருக்கு அந்தப் பேச்சே தெரியாது. அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த நான்கு ஆய்வுக்கட்டுரைகள் கோப்பின் எண்ணிக்கையில் ஏறவில்லை. குற்றம் சேவையினுடையது அன்று. ஆனால் சட்ட அமர்வை ஐந்தாம் ஆண்டில் வைத்திருப்பது சேவையின் பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. பணியேற்பதற்கு முன் கேட்க வேண்டியதைக் கோப்பு கட்டும்போது சொல்லி என்ன பயன்?

மூன்றாம் ஆண்டுப் பயிலரங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிவங்களை நிரப்பச் சொல்லிக் கொடுத்தார்கள்; பயன்பட்டது.

தனி ஆலோசனை முற்றிலும் வேறு தரம். பணி ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் சிலர் மணிக்கணக்காக நேரம் ஒதுக்கி, நம் ஆராய்ச்சி அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் என் துறையைச் சாராத, வரலாற்றுப் பேராசிரியர். நான் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) துறை. என் கட்டுரைகளில் ஒன்றைக்கூட அவர் படித்திருக்க முடியாது. கல்லூரி அளவிலான குழுவில் என் கோப்பைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேரின் நிலையும் அதுதான் என்பதால், அவர் படித்தது எனக்குப் பெரும் உதவியாக அமைந்தது. ஐந்து பக்க அறிக்கையை அச்செடுத்து, பென்சிலோடு என் எதிரில் உட்கார்ந்து, ‘நாங்கள்’ என்று வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டார். முதல் பக்கத்தில் மட்டும் பதினான்கு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டு, “இது யார்?” என்று கேட்டார். சில இடங்களில் நானும் என் மாணவர்களும். சில இடங்களில் என் முன்னாள் வழிகாட்டியும் நானும். ஓரிடத்தில் துறையினர் அனைவரும். தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் பிரித்துச் சொல்லியே பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லில் எல்லோரும் கரைந்துவிட, எந்தச் சிந்தனை என்னுடையது என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. ‘நான்’ என்று எழுதுவது பெருமை பேசுவது போல என் கைக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் டென்யூர் மதிப்பீட்டின் முதல் கேள்வியே, வழிகாட்டியின் நிழலை விட்டு இவர் தனித்து நிற்கிறாரா என்பதுதான். அந்தப் பென்சில் வட்டங்கள் போட்ட தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

புற மதிப்பீட்டுக் கடிதங்களைப் பற்றிய இரண்டாவது அமர்வும் நன்று. விண்ணப்பதாரர் சில பெயர்களைப் பரிந்துரைப்பார். துறை தானாகச் சில பெயர்களைச் சேர்க்கும். வழிகாட்டி, இணைந்து கட்டுரை எழுதியவர், நெருங்கிய நண்பர் ஆகியோரை விலக்கிவிட்டு, நம் துறையில் பெயர் பெற்றவர்களிடம் கடிதம் கேட்பார்கள். கோடையில் கேட்டு, இலையுதிர் பருவத் தொடக்கத்தில் கடிதங்கள் வந்து சேரும். பிறகு துறைக் குழு, துறைத் தலைவர், கல்லூரிக் குழு, டீன், புரோவோஸ்ட் (பல்கலைக்கழகத்தின் தலைமைக் கல்வி அதிகாரி) என்று படிப்படியாகக் கோப்பு ஏறி, வசந்த காலத்தின் இறுதியில் ஆட்சிக் குழுவின் முன் வருகிறது. இந்த ஒழுங்கை அமர்வு தெளிவாக விளக்கியது. அந்தக் கடிதங்கள் எந்நாளும் வெளிவராத இரகசியம் அல்ல என்பதையும் சொன்னார்கள்: பெண் என்பதாலும் ஆசியர் என்பதாலும் டென்யூர் மறுக்கப்பட்டதாக ரோசலி டங் முறையிட்ட வழக்கில், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மதிப்பீட்டு ஆவணங்களைப் பாகுபாட்டு விசாரணையிலிருந்து மறைத்து வைக்க முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எங்களுக்கு அமர்வில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை, முதல் மூன்று ஆண்டுகளிலேயே மாநாடுகளில் மூத்தவர்களைச் சந்தித்து நம் ஆராய்ச்சியை அறிமுகப்படுத்த வேண்டும், ஆனால் அவர்களோடு சேர்ந்து கட்டுரை எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பது. எழுதினால் அவர் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறார்.

இணையத்தளத்தைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 2019இல் எனக்குக் குழந்தை பிறந்தது. விதிப்படி டென்யூர் கணக்கு ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓராண்டு வரை, மொத்தம் இரண்டு முறை இவ்வாறு நிறுத்திக்கொள்ள இடம் தர வேண்டும் என்பது பேராசிரியர் சங்கத்தின் 2001ஆம் ஆண்டுப் பரிந்துரை. நிறுத்தப்பட்ட ஆண்டு மதிப்பீட்டில் இல்லாத ஆண்டு. ஏழாம் ஆண்டில் கோப்பு போனாலும் ஆறாண்டுப் பணியாகவே அதைப் படிக்க வேண்டும். ஆனால் இணையத்தளம் தானாக உருவாக்கிய பணிக்கால விவரப் பக்கத்தில் 2017 முதல் ஏழு கல்வியாண்டுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எந்தக் குறிப்பும் இன்றி நின்றன. சந்தேகம் வந்து, புற மதிப்பீட்டாளர்களுக்குப் போகும் கடிதத்தின் மாதிரியைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதிலும் கணக்கு நிறுத்தத்தைச் சொல்லும் வரி இல்லை. துறைத் தலைவர் அன்றே தம் கையால் திருத்தி, நீட்டிப்பைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்ற வாக்கியத்தைச் சேர்த்தார். சேவை அலுவலகத்திலிருந்து ஒன்பது நாள் கழித்தே மறுமொழி வந்தது. மறு ஆண்டு, இளைய சகாவான ஒரு பெண்ணின் கோப்பைப் பார்த்தபோதும் அந்தப் பக்கம் மாறியிருக்கவில்லை. ஒரே ஒரு வரிதான். அது இல்லையென்றால், எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து கோப்பைப் படிக்கும் மனிதர், ‘ஏழு ஆண்டில் இவ்வளவுதானா’ என்று நினைத்துவிடுவார்.

கணக்கு நிறுத்தத்தைப் பற்றி அமர்வில் சொன்னதும் முழுமையாக இல்லை. அதை யார் வேண்டுமானாலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், எந்தப் பாதிப்பும் இல்லை என்றார்கள். அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை, ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவாக இந்த நிறுத்தம் வந்த பின் ஆண்கள் டென்யூர் பெறும் விகிதம் உயர்ந்ததையும் பெண்களின் விகிதம் குறைந்ததையும் காட்டியது. அந்த ஓராண்டில் ஒருவருக்கு எழுத நேரம் கிடைக்கிறது, மற்றவருக்குத் தூங்கக்கூட நேரம் கிடைப்பதில்லை. நான் எடுத்துக்கொண்டது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் இந்த உண்மையைச் சொல்லி முடிவெடுக்கவிடுவதுதான் நேர்மையான ஆலோசனை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சேவையில் உள்ள மிகப் பெரிய இடைவெளி விசா. எச்-1பி விசாவின் பொதுவான உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். டென்யூர் தீர்ப்பு வருவதும் ஆறாம் ஆண்டின் முடிவில்தான். கிரீன் கார்டுக்கான வேலையை இடையிலேயே தொடங்கியிருந்தால்தான் விசாவை மேலும் நீட்டிக்க முடியும். கல்லூரி ஆசிரியர்களுக்கு உள்ள சிறப்பு வழியில், பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் தொழிலாளர் துறையிடம் விண்ணப்பம் போய்விட வேண்டும். தவறினால் அந்தப் பணியிடத்துக்கு மறுபடியும் ஆள் தேடும் படலத்தைத் தொடங்க நேரும். பணியேற்ற நாளிலிருந்து அல்ல, தேர்வு நாளிலிருந்து. என் தேர்வு 2017 மார்ச்சில் நடந்தது. 14ஆம் மாதத்தில், வேறு துறையில் இருந்த ஒரு மூத்த தெலுங்குப் பேராசிரியர் மதிய உணவின்போது தற்செயலாகக் கேட்டதால்தான் எனக்கே தெரிந்தது; 17ஆம் மாதத்தில் விண்ணப்பம் போனது. சிறந்த பேராசிரியர், ஆராய்ச்சியாளர்களுக்கான முதல் முன்னுரிமைப் பிரிவில் விண்ணப்பிக்க, டென்யூர் பாதைப் பணியே போதும், டென்யூர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் அவரே சொன்னார். இந்தியர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்கூட்டிப் பதிவாகும் ஒவ்வொரு மாதமும் அதில் கணக்கு. சர்வதேச அலுவலகம் தனி, ஆசிரியர் நல அலுவலகம் தனி என்பது நிர்வாகத்தின் வசதி. அந்த இரண்டு காலக்கெடுவையும் ஒரே நேரத்தில் சுமப்பவர் ஆசிரியர்.

மூன்றாவது அமர்வு, துறைகளின் மதிப்பீட்டு அளவுகோல்களைப் பற்றியது, மூன்றிலும் மெலிந்தது. ‘ஆராய்ச்சியில் சிறப்பு, கற்பித்தலில் திறன்’ என்ற பொதுச் சொற்களுக்கு அப்பால் போகவில்லை. எத்தனை கட்டுரை, எவ்வளவு ஆய்வு மானியம், மாணவர் மதிப்பீட்டுக்கு எவ்வளவு எடை என்பதெல்லாம் துறைக்குத் துறை வேறுபடும் என்பது உண்மையே. அப்படியானால், உங்கள் துறையின் எழுத்துபூர்வமான அளவுகோலைக் கேட்டு வாங்குங்கள், நீங்கள் பணியேற்ற ஆண்டில் நடப்பில் இருந்த பதிப்பு எது என்று பாருங்கள், இடையில் அது திருத்தப்பட்டிருந்தால் எந்தப் பதிப்பு உங்களுக்குப் பொருந்தும் என்று துறைத் தலைவரிடம் மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். விஸ்கான்சின் 2015இல் டென்யூரை மாநிலச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. டெக்சாஸ் 2023இல் புதிய சட்டம் இயற்றியது. ஃபுளோரிடாவில் டென்யூர் பெற்றவர்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு மதிப்பீடு வந்துவிட்டது. விதிகள் நம் பணிக்காலத்துக்குள்ளேயே மாறும் காலம் இது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். சட்ட அமர்வை முதலாண்டுக்கு மாற்றி, விசாக் காலக்கெடுவை அறிமுக வகுப்பில் சேர்த்து, இணையத்தளத்தில் அந்த ஒரு வரியை இட்டால் நாலரை தரத் தயங்கமாட்டேன். இதே போன்ற சேவை உள்ள இடத்தில் சேர்ந்திருப்பவர்களுக்கு: சட்ட அமர்வுக்கு முதலாண்டிலேயே போய் உட்காருங்கள், எங்கள் வளாகத்தில் யாரையும் தடுப்பதில்லை, கேட்டால்தான் தெரிகிறது. தனி ஆலோசனைக்கு, கோப்பு போகும் ஆண்டின் பிப்ரவரியிலேயே நேரம் பதிவு செய்யுங்கள். ஏப்ரலில் எல்லா இடங்களும் நிரம்பிவிடுகின்றன. உங்கள் துறையைச் சாராத ஒருவரையே கேளுங்கள். அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.